நவாபின் கூண்டுத் துணி

நிக்கேரி,
தீபாவளிக்கு முந்தைய வாரம்

அன்பு மகள் வர்ஷாவுக்கு,

இங்கே நான், உன் அப்பா, அவருடைய நெல் மில், மில்லின் தூசி, வீட்டுக் கொசுக்கள் எல்லோரும் நலம். அங்கே ராட்டர்டாமில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க பகவானை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் குளிருக்கு மட்டும் கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் போனால் எனக்கு வருத்தமில்லை. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது, ஊறுகாயை நான் ஒளித்து வைத்ததால். எதிர்வீட்டு கலாவதி முடிக்குச் சாயம் பூசி, மருதாணி என்று சாதிக்கிறாள்.

எழுத வந்தது என் அண்ணன், உன் சூர்ஜு மாமாவைப் பற்றி. நீ அவனிடம் போனில் பேசி எத்தனை மாதமாகிறது என்று உனக்கே தெரியும். டச்சுக்காரி மாதிரி மூக்கால பேசுறா, பேச்சுல இருந்த பாட்டு கெட்டுப்போச்சு என்று அவன் சொன்னதிலிருந்து நீ கூப்பிடுவதில்லை. அந்த நேரம் பார்த்து அவனுடைய பாட்டுப் போட்டிக் குருவி நவாபும் வாயை மூடிக்கொண்டது. இறகு உதிர்த்தபின் ஒரு குரல் இல்லை. பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷன், விடிந்தால் அந்தக் கருங்குருவியோடுதான் பேச்சு, கடைக்குப் போனாலும் முடிவெட்டப் போனாலும் கையில் கூண்டு. அது பேசாமல் போனதும் அவனும் சாப்பாட்டைக் குறைத்துவிட்டான். நான் சுட்டுக் கொடுத்த பாரா வடையை ஒன்றோடு நிறுத்தினான் என்றால் பார்த்துக்கொள். வழக்கமாக எட்டுக்குக் குறையாது.

படகோட்டி வாகிமான்தான் வழி சொன்னான். பிகி பான் சதுப்புக்குக் கூட்டிட்டுப் போங்க அண்ணே, கடக்காத்து பட்டா தொண்டை தானா திறந்துரும் என்றான். அதனால் போன மாதம் கிளம்பினோம். நானும் ஒட்டிக்கொண்டேன். உன் ஆபீஸ் வெள்ளைக்காரர் வந்தபோது பிகி பானில் என்ன பார்க்கலாம் என்று கேட்க, இங்கேயே பிறந்து வளர்ந்த நான் கொசு பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியவள்தானே. உலகத்தில் எவனாவது பறவை பார்க்கப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு பறவையைத் தூக்கிக்கொண்டு போவானா? எங்கள் ஊர்க்காரன் போவான். அதுவும் கூண்டைக் கெட்டித் துணியால் மூடி, கயிறு கட்டி. வேறு பறவையின் சுரம் காதில் விழுந்தால் நவாப் அதைப் பாட்டில் கலந்துவிடுமாம், போட்டியில் நடுவர் அந்தப் பாட்டுக்குப் பலகையில் மதிப்பெண் கோடு போடமாட்டாராம். நான் அடுப்படியில் பஜனை பாடினாலே ஜன்னலைச் சாத்துகிறவன் அவன், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது. காத்து மட்டும் படணும் வாகிமான், சத்தம் படக்கூடாது என்றான். அப்போ கடலைத்தான் அண்ணே வாயை மூடிக்கச் சொல்லணும் என்றான் வாகிமான்.

வாய்க்கால் வழியாகப் படகு போய், பட்ட மரங்கள் நிற்கிற ஏரியைத் தாண்டி, கடலோரச் சேற்றில் இறக்கிவிட்டான். நான் இறங்கினேன் என்பதைவிடப் புதைந்தேன் என்பது பொருத்தம். அண்ணன் ஒரு கையில் கூண்டு, மறுகையில் நான். ரெண்டுல ஒன்னைத்தான் காப்பாத்த முடியும் பிரேமா, யோசிச்சுக்கோ என்றான்.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டியவரை பழுப்புச் சேறு, அவ்வளவுதான். இதைப் பார்க்கவா பாரா கட்டிக்கொண்டு வந்தோம் என்று நினைத்தேன். அப்புறம் சேறு நகர்ந்தது. வர்ஷா, அது சேறில்லை. சிட்டுக்குருவி அளவு உள்ளான்கள், அடி வைக்க இடமில்லாமல், கடல் ஏற ஏற எங்கள் பக்கமாக ஒதுங்கி ஓடி வருகின்றன. பனிக்கட்டி தேசத்திலிருந்து, நடுக்கடலில் உட்கார ஒரு குச்சிகூட இல்லாமல் பறந்து வந்தவையாம். உங்க ஹாலந்துச் சொந்தக்காரங்க மாதிரிதான் அக்கா, குளிர்னா ஓடி வந்து, தின்னு கொழுத்துட்டுத் திரும்பிப் போயிருங்க என்றான் வாகிமான். நான் சிரிக்க வாயெடுத்தபோது எங்கிருந்தோ ஒரு வல்லூறு பாய்ந்தது. அவ்வளவு சேறும் ஒரே மூச்சில் எழுந்தது. மழை தகரக் கூரையில் இறங்குகிற சத்தம், ஆனால் கீழிருந்து மேலே. வானம் முழுக்க ஒரே பட்டாகி ஒரு பக்கம் திரும்பினால் வெள்ளை, மறுபக்கம் திரும்பினால் கரி, மயில்கழுத்துப் புடவையைக் கடைக்காரன் வெயிலில் திருப்பிக் காட்டுவானே, அப்படி. அத்தனை லட்சத்தில் ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே போனபோது அந்தச் சிறகுக் காற்று என் முகத்தில் பட்டது. எனக்குப் பேச்சு வரவில்லை, இதை உன் அப்பாவிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்.

திரும்பிப் பார்த்தால் அண்ணன் கூண்டுத் துணியை உருவி எறிந்துவிட்டு, கூண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறான். பாருடா, பாருடா ராசா என்கிறான். கண்ணில் தண்ணீர். நவாப் கம்பியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. சத்தமெல்லாம் அடங்கி அவை மறுபடி சேற்றில் இறங்கிய பிறகுதான் அவனுக்குத் தான் செய்தது உறைத்தது. வரும்போது படகில் துணியைத் தேடி எடுத்து மறுபடி கூண்டைச் சுற்றிக் கட்டினான்.

வீட்டுக்கு வந்தும் குருவி பாடவில்லை. பின்னே போன ஞாயிற்றுக்கிழமை, புல்வெளிப் போட்டியில், எல்லோருக்கும் முன்னால் தொண்டையைத் திறந்தது. அதே பழைய பாட்டு, தேன் மாதிரி. ஆனால் முடிவில் மெல்லிசாக ஒரு நடுக்கம், சேற்றில் கேட்டோமே, அதே கீச்சு. நடுவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டார், ஒரு கோடு இல்லை. இறால்கடை ஆல்வின் விடுவானா, உங்க நவாபுக்குச் சளியா சூர்ஜு என்றான். தோற்றால் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற உன் மாமா சிரித்தான். அவன் போயிட்டு வந்த இடத்தைப் பத்திச் சொல்றான்யா, காது இருந்தா கேளு என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில், கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பொண்ணு எப்ப பேசுவா என்று கேட்டான். பாட்டு கெட்டுப்போச்சுன்னு நீதானே சொன்ன, அதான் பயப்படுறா என்றேன். எந்தச் சுரத்துல வேணும்னாலும் பேசட்டும், பேசுனா போதும்னு எழுது என்றான். எழுதிவிட்டேன்.

காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு, தீபாவளிக்கு உங்கள் பெயரிலும் விளக்கு ஏற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிட மறக்காதே. கூண்டுத் துணியை எனக்கே கொடுத்துவிட்டான், ரொட்டிக்கல் துடைக்கிறேன். அந்தத் தைரியத்தில் நேற்று நானும் ஒரு பஜனை பாடிப் பார்த்தேன். உன் மாமா எழுந்து வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனான்.

உன் அம்மா,
பிரேம்வதி