சிரிப்புக்கு விட்ட இடம்

மச்சான்,

இன்றைக்கு மதியம் தியேட்டருக்குக் கிளம்ப நல்ல சட்டையாக ஒன்றைத் தேடி அலமாரியைத் திறந்தால், குப்பென்று மீசைப் பசை வாடை. படப்பிடிப்பு முடிந்த அன்று மேக்கப்காரர் என் ஒட்டுமீசையை ஒரு டப்பாவில் போட்டு, ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருந்தார். நீ ஒட்டிவிட்ட மீசையை என்றைக்காவது தோல் உரியாமல் நான் பிய்த்திருக்கிறேனா? "பாதி நாடகத்துல வுழுந்தா மானம் பூடும், பொறுத்துக்கோ" என்று அரைப் புட்டிப் பசையை மூக்குக்குக் கீழே அப்புகிறவன் அல்லவா நீ!

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. சொல்ல எவ்வளவோ இருக்கிறது. இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான். உன் நாடகம் சினிமாவாகிவிட்டது! காது கேட்காதவர்போல நடித்துக்கொண்டு, குடித்தனக்காரர்கள் தன்னைப்பற்றிப் பேசுவதையெல்லாம் உட்கார்ந்து கேட்கிறாரே ஒரு வீட்டுக்காரக் கிழவர், அவரேதான். மேடையில் அந்த வேஷம் போட்ட நானே படத்திலும் போட்டேன். அப்போது தலையில் மாவு பூசி நரைக்கவைத்தோம். இப்போது மேக்கப்காரருக்கு அந்த வேலை மிச்சம்.

படமாக எடுக்கக் கேட்டுத் தேடி வந்த டைரக்டர் ஒரு சிதம்பரத்துப் பெண். இதுதான் அவளுக்கு முதல் படம். சின்ன வயதில் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, அங்கே மண்டபத்தில் நாம் போட்டதைப் பார்த்தாளாம். உன் மனைவியிடம் அனுமதி கேட்டபோது, "அண்ணன் சரின்னா எனக்கும் சரி" என்று தங்கச்சி என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். நான் சரியென்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உன் பேச்சு ஞாபகம் வந்தது. "சினிமாக்காரன் சிரிப்புக்கு எடம் வுடமாட்டான் மச்சான். அவனுக்கு எதிர்ல ஆளே கெடையாது, எப்டித் தெரியும்?" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! உன் பெண்ணை உன்னைக் கேட்காமல் நானே கட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கெட்டுப்போனால் அது என்னால்தான்.

உனக்கு அந்த விஷயத்தில் வெறி. நெல்லிக்குப்பத்தில் கரும்பு எடைமேடையில் வேலை. பாரத்தோடு வரிசையில் காத்துக்கிடக்கிற டிராக்டர்காரர்களிடம் வசனத்தைச் சொல்லிப் பார்ப்பாய். அவர்கள் சிரிக்காத வசனம் மேடை ஏறாது. நாடகத்தன்று பக்கப் படுதாவுக்குப் பின்னால் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். சபை சிரிக்கிறவரை கை மேலேயே இருக்கும். சிரிப்பு பாதி அடங்கியதும் கை இறங்கும். அதன் பிறகுதான் நாங்கள் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறக்கலாம். "முழுசா அடங்கவும் வுடக்கூடாது, நடுவுல பூந்து கெடுக்கவும் கூடாது." ஒருமுறை கடலூரில் நான் அவசரப்பட்டுக் கை இறங்கும் முன்னே பேசிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ தனி சீட்டில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய், பெரிய மனுஷன்!

இப்படிப் பழகியவன் கேமரா முன்னால் என்ன செய்வான்? அண்ணாமலை நகரில் ஒரு பழைய குவார்ட்டர்ஸில் பாயசக் காட்சி எடுத்தார்கள். குடித்தனக்காரப் பெண் திரிந்துபோன பாயசத்தை டம்ளரில் கொண்டுவந்து, முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் நீட்டிக்கொண்டே புருஷனிடம் சொல்கிறாள்: "நேத்து வெச்சது, கெட்டுப்போச்சி. கீழ ஊத்தறதுக்கு இந்தக் கெழத்துக்கு ஊத்துவோம்." குடித்தால் வயிறு போச்சு. மறுத்தால் காது கேட்பது தெரிந்துபோகும். நான் டம்ளரைப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"கட்! வசனம் மறந்துடுச்சா சார்?"

மறக்கவில்லை மச்சான், சிரிப்புக்குக் காத்திருந்தேன்! அங்கே யார் சிரிப்பார்கள்? சத்தம் வரக்கூடாதென்று லைட் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஏழு தடவை எடுத்தார்கள். ஏழு தடவையும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இடைவெளி விடாமல் பேசினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் டைரக்டர் பெண் தயங்கித் தயங்கி, "இந்த சீனைத் தூக்கிடலாமா சார்?" என்றாள்.

பாயசம் இல்லாமல் உன் நாடகமா! "நாளைக்குக் காலைல ஒரு மணி நேரம் குடும்மா. கேமரா வாணாம். சிரிக்க ஆளு மட்டும் வேணும்" என்றேன்.

மறுநாள் அவள் பக்கத்து காலேஜ் ஹாஸ்டலிலிருந்து நாற்பது பிள்ளைகளை அழைத்துவந்து எதிரே உட்காரவைத்தாள். நடித்தோம். அடடா, என்ன சிரிப்பு! எனக்கு ரத்தம் ஊறிவிட்டது. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நான் டம்ளரை முகர்ந்தேன், ஈ ஓட்டினேன், அந்தப் பெண்ணைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தேன், மறுபடி முகர்ந்தேன். மேடையில் வழக்கமாகச் செய்கிறதுதான். செய்வதே எனக்குத் தெரியாது.

"சார், அந்த கேப்ல இவ்ளோ பண்றீங்க! நேத்து ஏன் எதுவுமே பண்ணல?" என்று டைரக்டர் ஓடி வந்தாள்.

"நேத்து யாரும்மா சிரிச்சாங்க?"

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அவர்கள் சிரிப்பு காதில் இருக்கும்போதே எடுத்தாள். முதல் தடவையிலேயே ஓகே. "இதுல ஒரு செகண்ட் கூட வெட்டமாட்டேன் சார்" என்றாள். வெட்டவும் இல்லை.

இன்றைக்குக் கடலூரில் மதியக் காட்சி. தங்கச்சி என் பக்கத்து சீட்டில். பாயசம் வந்தபோது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்து ஜனங்களின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குடித்தனக்காரி டம்ளரை நீட்டினாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு வெடித்தது பார் மச்சான்! தியேட்டரே குலுங்கியது. நான் திரையில் முகர்கிறேன், ஈ ஓட்டுகிறேன், இவர்கள் சிரிக்கிறார்கள், சரியாகப் பாதி அடங்குகிற நேரத்தில் என் வசனம்: "தனியா சாப்புட்டுப் பழக்கம் இல்ல தம்பி. மொதல் மடக்கு நீ குடி."

அதற்கு எழுந்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். விசில், கைதட்டல், யாரோ முன் சீட்டைக் குத்துகிறார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு விட்ட இடம் ஒரு தியேட்டருக்கு எங்கே போதும்? அடுத்த வசனம் சிரிப்பில் முழுகிப் போய்விட்டது. டிராக்டர்காரர்களிடம் மூன்று நாள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து நீ எழுதிய வசனம். ஒருவருக்கும் கேட்கவில்லை.

எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர் பெண்டாட்டியைக் கேட்டார்: "இன்னா சொன்னாரு கெழவரு?"

"எனக்கும் கேக்கல."

தங்கச்சி என் கையைத் தட்டினாள். "சொல்லுங்கண்ணே."

முன்னால் குனிந்து அவர்கள் காதருகே சொன்னேன்: "நீ குடிச்சி ஒரு மணி நேரம் ஆவட்டும் தம்பி. நல்லா இருந்தீனா நானும் குடிக்கிறேன்."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வாயைப் பிளந்தார். பிறகு புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தங்கச்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றாள்.

நீ எப்படிச் சொல்வாயோ, அப்படியே சொன்னேன்.