ருத்ராட்சக் கரை

அன்புள்ள அம்மாவுக்கு, சிவராஜின் வணக்கம். மூட்டுவலி தேவலையா?

நீ அனுப்பிய பட்டுப் பூசை அங்கி இங்கே ஜார்க்கண்டுக்கு வந்து சேர்ந்தது. "கடையிலதாம்பா வாங்கினேன், உங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்று போனில் சொன்னாயே, அதை நான் நம்பவில்லை. பாதிரியார் அங்கிக்கு எந்தக் கடைக்காரர் ருத்ராட்சக் கரை போடுவார்? இது அப்பாவின் தறியில் நெய்த கரைதான். நான் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து என்னோடு பேசாத மனிதர், மனசு மாறி நெய்தாரா, இல்லை என்னைத் திரும்ப இழுக்கப் பார்க்கிறாரா?

என்னைப் புண்ணியவான் என்று நம்பும் இந்த ஊர் சனங்கள் அந்தக் கரையைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். செபமாலை மணியா என்று ஒரு அம்மாள் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பூசைக்கு மணி அடித்துவிட்டார்கள். அப்பாவிடம் எதுவும் கேட்காதே. நான் இளைத்துவிட்டேன், அங்கி தோளில் தொளதொளவென்று இருக்கிறது என்று மட்டும் அவர் காதில் விழும்படி சொல்.

உன்
சிவராஜ்