அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

மார்ச் 3, செவ்வாய்

ஓட்டத்துக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு! வயது ஐம்பத்தொன்று, நாலு படி ஏறினாலே முட்டி முணுமுணுக்கும். நகரத்தில் மரம் நடுவதற்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டமாம். ஓடி முடிக்கிற ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மரம், சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிய இடங்களில் நடுவார்களாம். பாதியில் நின்றால் மரம் கிடையாது. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை சார்பில் ஒருவராவது போயாக வேண்டும் என்றார் முதலாளி. முன்பக்கத்தில் கண்ணாடி விற்கிற இரண்டு பெண்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் பின்னறையில் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள்.

"உங்களுக்கென்னக்கா, ஞாயித்துக்கிழமை வீட்ல யாரு காத்திருக்கா?" என்றாள் ஒருத்தி. சும்மாதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. மெஷினைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 5, வியாழன்

விண்ணப்பத்தில் பெயர், வயது, சட்டை அளவு எல்லாம் எழுதியாயிற்று. 'அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்' - அங்கே பேனா நின்றுவிட்டது.

யாரைப் போடுவது? மாடி வீட்டுக்காரருக்கு என் பெயரே தெரியாது. தங்கை ஒருத்தி இருக்கிறாள், ரயிலில் நாலு மணி நேரம். இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. தப்பு என்னுடையது. இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதப் போகிறேன்? அப்போது அவள் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். எனக்குக் கை கால் ஓடலக்கா, நீ வந்து பக்கத்துல இரு என்று கூப்பிட்டாள். கடையில் வேலை நெருக்கடி என்றேன். பொய். ஆஸ்பத்திரி என்றாலே எனக்குப் பயம். அம்மாவைக் கடைசியாக அங்கே பார்த்த பிறகு வாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சரி, உன் கண்ணாடியையே கட்டிக்கிட்டு அழு என்று போனை வைத்துவிட்டாள். நானும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. வீம்பு.

என் நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் எனக்கே சொல்லட்டும்.

மார்ச் 11, புதன்

பயிற்சி: இரண்டு தெரு ஓடினேன், மூன்றாவதில் நடந்தேன், நாலாவதில் பஸ் பிடித்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாரும் கூட்டங்கூட்டமாக வந்திருந்தார்கள். தனியாக நிற்பவள் கையில்தானே போனைக் கொடுக்கத் தோன்றும்? ஆறு குடும்பங்களைப் படம் எடுத்துக் கொடுத்தேன்.

நாலாவது கிலோமீட்டரில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன், புத்திகெட்டவள். நடைபாதை ஓரமாக உட்கார்ந்தேன். இல்லை, விழுந்தேன். முட்டியில் நல்ல அடி. விசில் மாட்டிய தொண்டர் பெண் ஒருத்தி ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள். என் சட்டையில் குத்தியிருந்த ஓட்டக்காரர் அட்டையைத் திருப்பி, பின்னால் அச்சடித்திருந்த அவசர நம்பருக்குப் போன் போட்டாள். என் இடுப்புப் பையில் மணி அடித்தது.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன்.

"வேற யாராவது ஒருத்தர் நம்பர் சொல்லுங்கக்கா," என்றாள் மெதுவாக. வாய் தானாகத் தங்கை நம்பரைச் சொன்னது. எடுத்தது யாரோ ஓர் ஆள். ஒரு வருடமாக அந்த நம்பர் அவரிடம்தான் இருக்கிறதாம்.

மாத்திட்டா. எனக்குச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? நான் யாரு அவளுக்கு? அத்தனை பேர் போற வர்ற ரோட்டுல உக்காந்து குழந்தை மாதிரி அழுதேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றாள் அந்தத் தொண்டர் பெண். மரம் போய்விடுமே என்றேன். கையைப் பிடித்துத் தூக்கி, கூடவே நடந்தாள். கடைசிக் கோட்டில் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டியலை மூட்டை கட்டிய ஆளிடம் சண்டை போட்டு என்னைச் சேர்க்கவைத்தாள். அவள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

முட்டி வீக்கம். முதலாளியிடம் வெள்ளி, சனி லீவு கேட்டேன். ஆள் அசந்துபோனார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார்.

"இல்ல. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா," என்றேன்.

மார்ச் 28, சனி

நேற்று கதவைத் திறந்தது தங்கை வீட்டுக்காரர். இளைத்திருந்தார். வாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். அவள் வந்தாள். ரயிலில் நாலு மணி நேரம் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், நொண்டிக்கொண்டே உள்ளே போனேன்.

"கால்ல என்ன?"

"ஓடினேன்."

"யாரு தொரத்துனா?"

நான்தான் முதலில் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தைலம் எடுத்துவந்து தேய்த்தாள், வேண்டுமென்றே அழுத்தி. வலியில் உயிர் போனது. அந்த வலியில்தான் சொல்ல முடிந்தது, அன்றைக்கு வேலையெல்லாம் இல்லை, பயந்துபோய்த்தான் வரவில்லை என்று. அவள் கை நின்றது.

"நானும்தான் பயந்தேன்," என்றாள். "தனியா."

மன்னிச்சிடு என்றேன். அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள், இந்தத் தடவை மெதுவாக.

எனக்கு இன்று மாலை வண்டி. நாளைக்குப் போனா உன் கடை என்ன பறந்தா போயிடும் என்று காலையிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டாள். மணி மூன்று. இன்னும் பையில் துணி எடுத்து வைக்கவில்லை.