மெக்சிகோக்காரனின் இடது தோள்

21-2-1960, ஞாயிறு. மட்டாஞ்சேரி.

இன்றும் எறணாகுளம் மைதானத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு மெக்சிகோக்காரனாகக் குஸ்தி போட்டேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது குஸ்தி நடத்தும் காண்டிராக்டரின் உத்தரவு. திறந்தால் தமிழன் என்று தெரிந்துவிடும். திறக்கவில்லை. பேசிவைத்தபடி பஞ்சாபிக்காரனிடம் தோற்றேன். ஆனால் அந்தத் தடியன் என் இடது தோளை நிஜமாகவே முறுக்கிவிட்டான்.

படகில் திரும்பி வந்து, கொச்சங்காடிக் கிடங்கில் நாள் முழுக்க மிளகு மூட்டை ஏற்றியதாக வழக்கம்போல மனைவியிடம் சொன்னேன். கல்யாணத்தோடு நான் குஸ்தியை விட்டுவிட்டேன் என்றுதான் கமலத்துக்கு நினைப்பு.

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு என் தம்பி வந்து என்னையும் குஸ்தி பாக்கக் கூட்டிட்டுப் போனான். பாவம், அந்த மெக்சிகோக்காரன் நல்லோணம் அடி வாங்கினான்."

சோற்றைப் பிசைந்துகொண்டே "அப்படியா?" என்றேன்.

"ரிங்குல ஏறும் முன்ன அவனும் நம்மாளுங்க மாதிரி மண்ணைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். மெக்சிகோவுலயும் அப்படித்தானா?"

சின்ன வயதுப் பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது. எனக்கே நினைவில்லை.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சுளுக்குக்குப் போடும் முறிவெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். வலிக்கிறது என்று நான் சொல்லவே இல்லை. சட்டையைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். நேரே இடது தோளில் கையை வைத்தாள்.