உப்பு ஜாடிக்கு ஒரு சிவப்பு வளையம்

பிப்ரவரி 3

அன்புள்ள சிக்னல் கேபின்காரருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன், பொறுப்பும் ஏற்றுக்கொண்டேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் உங்களுக்குக் குரல் ஏறும், நாலாவதில் எனக்கு ஏறும். அதனால் அவசரத்துக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று ரயிலடியில் வைத்துப் பேசிக்கொண்டோமே, அதன்படி முதல் கடிதம் என்னுடையது. பேனாவைப் பிடித்தால் நாம் இருவருமே கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்களாகி விடுகிறோம்.

குடிநீர் நிலையத்துக்குள்ளேயே ஜாகை கொடுத்திருக்கிறார்கள். பம்பு ஓடும் கூடத்துக்கு மேலே ஓர் அறை, அதன் மூலையில் சமையல் மேடை. பம்பு ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சதா முணுமுணுக்கின்றன. இத்தனை வருஷம் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளோடு மல்லுக்கட்டியவள், இப்போது ஓர் ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீருக்குப் பொறுப்பு. இந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை என்று வாட்ச்மேன் மெனக்கெட்டு மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் முதல் நாள் நின்றுகொண்டேதான் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் தங்கை வழியனுப்ப வந்தபோது என் காதில் சொன்னதை உங்களிடம் சொல்லவில்லை. "வியாதிக்காரரத் தனியா விட்டுட்டு நாற்காலிக்காகப் போறீங்களே அண்ணி" என்றாள். சிரித்து மழுப்பினேன். வண்டி கிளம்பிய பிறகும் அது காதிலேயே நின்றது.

அதனால் நம் ஒப்பந்தத்தை எழுத்திலும் வைக்கிறேன். எனக்கு இது ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பொறுப்பு. ஏப்ரல் கடைசியில் உங்களுக்கு மருத்துவப் பரிசோதனை. அதில் ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்றாலோ, சிறுநீரகத்தைப் பற்றி டாக்டர் புதிதாக ஏதாவது சொன்னாலோ, நான் எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவேன். இதில் பேரம் கிடையாது.

ஹோட்டல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். பொட்டலத்தில் வருவது எதுவும் வேண்டாம், ஊறுகாய் பாட்டிலை நான் ஏற்கெனவே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், தேட வேண்டாம். ஒரு பானை, ஒரு அடுப்பு போதும். பருப்பும் காயும் சேர்ந்தே வெந்துவிடும். ஆய்வுக்கூடத்துச் சின்னக் கரண்டியை உப்பு ஜாடிக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அதில் தலைதட்டி ஒன்று, ஒரு நாளைக்கு ஒரே தடவை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், டிவிக்கு முன்னால் அல்ல.

கவலையோடும் கொஞ்சம் கர்வத்தோடும்,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 22

மாட்சிமை பொருந்திய நிலைய அதிகாரி அவர்களுக்கு,

இப்படி எழுதியதும் எழுந்து நின்று ஒரு சல்யூட் வைக்கத் தோன்றியது. வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

என் தங்கை சொன்னதற்கு நான் அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். நீ அதைத் தூக்கிச் சுமக்காதே.

சமையல் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் எனக்கும் அடுப்புக்கும் நேரடிச் சண்டை. உன் பெரிய பானையின் அடி இப்போது என் தலைமுடியை விடக் கறுப்பு. டியூட்டி முடித்துப் பசியோடு வந்து நின்றால் வெங்காயத்தை உரிக்கக்கூடப் பொறுமை இல்லை. கை தானாகக் கடைப் பொட்டலத்தைத் தேடுகிறது. சிக்னல் கேபினில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று யோசித்தேன். வண்டி வந்து நின்ற பிறகா நாம் தடம் மாற்றுகிறோம்? பசி கிளம்புவதற்கு முன்பே பாதையைச் சரிசெய்து வைக்க வேண்டும்.

ஆகவே இப்போது லீவு நாளில் பயறும் பருப்பும் வேகவைத்து டப்பா டப்பாவாக ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுகிறேன். காயும் அன்றைக்கே நறுக்கியாகிவிடும். வேலை முடிந்து வந்தால் ஒரு டப்பா பருப்பு, ஒரு கை கீரை, நசுக்கிய பூண்டு, எல்லாம் பானைக்குள். இறக்கியதும் மிளகுத்தூளும் எலுமிச்சம்பழமும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டே கிண்டுகிறேன். ஒன்று கவனித்தேன். வேலை முடிந்த பிறகும் என் காதில் கேபின் மணி அடித்துக்கொண்டே இருக்கும் என்று உன்னிடம் புலம்புவேனே, கீரை ஆயும்போது அது நின்றுவிடுகிறது. டாக்டர் மனதை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னபோது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

உப்பில்தான் ஒரு சிக்கல் வந்தது. போட்டேனா இல்லையா என்று நினைவில்லாமல் ஒரு நாள் இரண்டு தடவை போட்டுவிட்டேன். அதற்கும் கேபினிலேயே வழி இருந்தது. ஒரு தடத்தில் வண்டி நின்றால், அதற்குச் சிக்னல் கொடுக்கிற லீவரில் சிவப்பு வளையம் ஒன்றை மாட்டிவிடுவோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? கை பழக்கத்தில் லீவரைப் பிடித்தாலும் வளையம் தடுத்துவிடும். பழைய வளையம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். அது ஜாடியின் கழுத்தில் கிடந்தால் உப்புப் போட்டாகிவிட்டது, இனிமேல் தொடக் கூடாது. பாத்திரம் கழுவியதும் வளையத்தைக் கழற்றிவிடுவேன். கேபினில் செய்வதுபோலவே விரலை நீட்டி, "அடுப்பு அணைஞ்சது, வளையம் கழன்றது" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். மாடிவீட்டு அம்மா எட்டிப் பார்த்து, யாருடன் பேசுகிறீர்கள் என்று கேட்டார். நீ இல்லாத வீடு, அந்த அம்மாவின் முகமே சரியில்லை.

வளையம் வந்த பிறகு ஓர் ஆச்சரியம். சாப்பாடு அசல் உன் கைப்பக்குவம்! அதே ருசி. நீ பார்த்தால் அசந்துபோவாய்.

உன் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

அன்புடன்,
அடுப்படி இன்சார்ஜ்


மார்ச் 24

அன்புள்ளவருக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். இங்கே நான் நானாக இல்லை.

மலைப்பக்கம் மழை கொட்டி, ஆற்றில் சேறு வந்துவிட்டது. வரும் தண்ணீர் காபி நிறம். எவ்வளவு படிகாரம் போட்டால் தெளியும் என்று குப்பி குப்பியாகக் கலக்கிப் பார்த்தேன், எதிலும் கலங்கல் முழுதாக இறங்கவில்லை. அந்தத் தண்ணீரை ஊருக்கு விட எனக்கு மனம் வரவில்லை. விநியோகத்தை நிறுத்தச் சொல்லிவிட்டேன். என் உதவிப் பொறியாளர் இரண்டு தடவை, "நிச்சயமா மேடம்?" என்று கேட்டார். நிச்சயம்தான் என்றேன். சொல்லிவிட்டு உத்தரவில் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் மதியம்தான் தண்ணீர் தெளிந்து, குழாயைத் திறந்தேன். அதற்குள் ஊரே போனில் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டது. குடத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். முந்தைய அதிகாரி இருந்தால் இப்படி ஆகுமா என்று என் காதுபடப் பேசினார்கள். யாருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை என்பது செய்தியே இல்லை, பாருங்கள். வராததை யார் எண்ணுவார்கள்?

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். டீயும் பிஸ்கட்டும். சில நாள் பிஸ்கட் மட்டும். மேடையில் அடுப்பு பளபளவென்று கடையில் இருந்தது போலவே இருக்கிறது. நெஞ்சு எரிகிறது, மத்தியானமானால் தலைவலி. உங்களுக்குக் கட்டளை போட்டவள் இந்த லட்சணத்தில் இருக்கிறேன்.

உங்கள் கடிதம் எனக்கு முழு நம்பிக்கை தரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோக்கெல்லாம் நன்றாக இருக்கிறது. என் கைப்பக்குவம் ஒரு மாதத்துக்குள் வந்துவிட்டது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. ஹோட்டலுக்குப் போய்விட்டு எனக்குக் கதை எழுதுகிறீர்களோ? பரிசோதனை முடியட்டும். அழுத்தம் ஏறியிருந்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவேன். நிலையத்துக்கு வேறு ஆள் கிடைப்பார்கள்.

வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது.

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 28

என் அருமை நிலைய அதிகாரிக்கு,

முதலில் சேதி. இன்று பரிசோதனை. டாக்டர் ஒரு கையில் பார்த்தார், நம்பாமல் இன்னொரு கையில் பார்த்தார். கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். இறங்கியிருக்கிறது! காலை மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். சிறுநீரகம் போன தடவை இருந்த அதே நிலையில் நிற்கிறது, மோசமாகவில்லை. இந்த வியாதியில் நிற்பதே பெரிய சேதி என்றார். கேபினில் உட்காரத் தகுதி உண்டு என்று சீட்டும் கொடுத்தாயிற்று.

இனி நடந்த கூத்தைக் கேள். போன வாரம் என்னை டியூட்டியில் மாற்றிவிட வருகிற தோழர் வீட்டுக்கு வந்தார். பெருமையாக என் பானையிலிருந்து பரிமாறினேன். நாலு வாய் சாப்பிட்டார். பிறகு மெதுவாக, "அண்ணே, டாக்டர் உப்பையே நிறுத்திட்டாரா?" என்றார்.

"இல்லையே, போட்டிருக்கேனே. வளையத்தப் பாருங்க" என்று ஜாடியைக் காட்டினேன். அவர் மூடியைத் திறந்தார். வளையம் வாங்கி வந்த அன்று நான் புதைத்த கரண்டி புதைத்தபடியே கிடந்தது. அதற்குப் பிறகு ஜாடியில் விரற்கடை அளவுகூட உப்பு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. கேபினில் வண்டி வந்து நின்றதுமே வளையம் மாட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் மற்ற வேலை. அது கையில் ஊறிவிட்டது. இங்கே பானை அடுப்பில் வந்து நின்றதும் கை தானாக வளையத்தை மாட்டிவிடுகிறது. பருப்பு வெந்து உப்புப் போடுகிற நேரத்தில் நிமிர்ந்து பார்த்தால் வளையம் கிடக்கிறது. சரி, போட்டாயிற்று என்று இறக்கிவிடுகிறேன். வளையத்தைக் கொண்டு வந்த நாளிலிருந்து என் பானைக்குள் ஒரு கல் உப்பு விழவில்லை. பூண்டும் மிளகும் எலுமிச்சையும்தான் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. இதைச் சொன்னதும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் ஒரேயடியாக இப்படி வேண்டாம், உன் கரண்டியில் பாதி போட்டுக்கொள்ளலாம் என்றார். போட்டுப் பார்த்தேன், நாக்குக் கரிக்கிறது.

இப்போது என் முறை. நீ டீயையும் பிஸ்கட்டையும் பற்றி எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடனே வண்டியேற நினைத்தேன், லீவு கிடைக்கவில்லை. அதனால் எழுத்தில் கத்துகிறேன். அரிசியும் பயறும் ஒரு குவளை, கண்ணில் படுகிற காய் ஏதாவது இரண்டு, தண்ணீர் தாராளமாக. ஊருக்கே தண்ணீர் விடுகிறவளுக்கு அளவு நான் சொல்ல வேண்டுமா? குக்கரை மூடிவிட்டு நாற்காலியில் உட்கார். அது கத்துகிற வரை போனை எடுக்காதே. அதுவும் முடியாத நாளில் இரண்டு முட்டை வேகவைத்து ஒரு பழத்தோடு சாப்பிடு. அதற்கும் அலுப்பாக இருக்கிற நாளில் தயிரில் வெள்ளரிக்காயை வெட்டிப் போடு. நின்றுகொண்டு சாப்பிடாதே.

ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படி. நீ ஊர்த் தண்ணீரை நிறுத்தியதைக் கேபினில் எல்லோரிடமும் சொன்னேன். எதிரே என்ன வருகிறது என்று சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுத் திட்டு வாங்குகிறவன்தான் எங்களில் நல்ல கேபின்காரன். வண்டியில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திட்டுவார்கள். "எங்க வீட்டம்மாவும் நம்ம ஜாதிதான்யா" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நாள் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஊருக்கு வர வேண்டும் என்று தோன்றினால் வா. என் வியாதிக்காக வராதே. அதை நானே பார்த்துக்கொள்வேன், பார்த்துக்கொண்டும் விட்டேன்.

உன்,
கேபின்காரன்


மே 9

என் அன்புக் கேபின்காரருக்கு,

இருபது வருஷம் சமைத்துப் போட்டவளின் சாப்பாடும் உப்பே இல்லாத சாப்பாடும் உங்கள் நாக்குக்கு ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டேன். அதற்கான பதிலை நேரில் தருகிறேன்.

கடிதத்தைப் பம்புக் கூடத்திலேயே பிரித்துவிட்டேன். வளையம் வந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் ஆபரேட்டர் ஓடிவந்தார். மாத்திரை பாதியானதை அவரிடமும் சொன்னேன், வாட்ச்மேனிடமும் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் அவரே சமைத்து அவரே அழுத்தத்தை இறக்கிவிட்டார் என்று சொல்லும்போது எனக்கு அவ்வளவு பெருமை. உங்களைப் பற்றி வெளியாளிடம் இப்படிப் பீற்றிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

மாடிக்கு வந்த பிறகு அழுதேன். காரணத்தை உங்களிடம் மறைக்க முடியாது. குடத்தோடு வந்து நின்றவர்கள் திட்டிவிட்டுப் போன அன்று, உங்கள் பரிசோதனை மோசமாக வரட்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம்தான், ஆனால் நினைத்தேன். அப்படி வந்தால் நான் கௌரவமாகக் கிளம்பிவிடலாம். வேலை தெரியாமல் ஓடிவந்தாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள், புருஷனுக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள் என்று உங்கள் தங்கையே மெச்சுவாள். நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, நான் இங்கே உங்கள் வியாதிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் பார்த்திருக்கிறேன்.

அந்த இடத்தை நீங்கள் இல்லாமல் செய்துவிட்டீர்கள். இனி ஓடினால் அது என் பயத்தால்தான். எனக்கும் அது தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒரு நாள் முழுக்க உங்கள்மேல் கோபமாகக்கூட இருந்தது.

அன்று குக்கரை வைத்தேன். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது, எடுக்கவில்லை. தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்போது ஐந்தாறு நாளாக அப்படித்தான். தலைவலி விட்டிருக்கிறது. நெஞ்செரிச்சல் எப்போதாவது எட்டிப் பார்க்கிறது.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து அழைத்து, பொறுப்பை நிரந்தரமாக ஏற்கச் சம்மதமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. சம்மதம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். மழைக்காலம் இன்னும் பாக்கியிருக்கிறது. சேறு வரும், திட்டும் வரும், தேவைப்பட்டால் மறுபடியும் நிறுத்துவேன்.

அடுத்த மாதம் எப்படியாவது லீவு சொல்லிவிட்டு வாருங்கள். சமையல் என்னுடையது. டாக்டர் சீட்டு எதையும் எடுத்து வரவேண்டாம். இந்தத் தடவை நான் உங்களைப் பார்க்க வேண்டும்.

உங்கள்,
நிலைய அதிகாரி