கறுப்பு நாடா சுற்றிய குமிழ்

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் இருட்டிக்கொண்டு வந்தது, பிறகு ஏமாற்றிவிட்டது. ஒரே புழுக்கம். உடுப்பு தோய்க்கவில்லை.

இன்றைய வேலை: கிற்றாரைப் பரணிலிருந்து இறக்குவது. தூசு தட்டுவது. படம் எடுப்பது. எல்லாம் அம்மா கண் அயரும் நேரத்தில்.

இறக்கியாயிற்று. யூரியாப் பைக்குள், கயிறு கட்டியபடி. அண்ணையின் கிற்றார். அப்பா தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்த காலத்தில், அங்கே ஹோட்டலில் வாசித்த ஒருவரிடம் அண்ணை வாங்கியது. கடை போனது, பிறகு அப்பாவும் போனார். இது மட்டும் எங்களோடு இந்தத் தீவுக்கு, சரவணைக்கு வந்து சேர்ந்தது. கோயில் திருவிழா என்றால் அண்ணை இதைத் தோளில் போட்டுக்கொண்டு தீவு தீவாகப் போவான்.

விற்பது காசுக்கில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே சந்தேகம் வரும். அம்மாவுக்கு இரத்தம் சுத்தம் பண்ண அடிக்கடி யாழ்ப்பாண ரவுணுக்குப் போகவேண்டும். பண்ணைப் பாலம் தாண்டி வந்தால் பஸ்ஸிலேயே சத்தி எடுப்பா. டொக்டர் போன கிழமை சொன்னார்: "அம்மாவை ரவுணிலை வைச்சிருங்கோ மிஸ். ஒரு நாளைக்கு வழியிலை..." முடிக்கவில்லை, எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை பார்த்து முற்பணமும் கட்டிவிட்டேன்.

அம்மா அசைகிறா இல்லை. "அவன் எங்கை சுத்தினாலும் வீட்டை தான் வருவான். வந்து கிற்றாரைத் தேடினா ஆர் எடுத்துக் குடுக்கிறது?"

கிற்றார் போனால் இந்தச் சாட்டும் போகும். அப்படித்தான் யோசித்து வைத்திருக்கிறேன்.

ஒக்டோபர் 8, புதன்

மழை இல்லை. வளவு கூட்டினேன். பக்கத்து வளவுச் செவ்வரத்தம் பூ இன்றும் முருங்கையடியில். மரம் நிற்பது அவர்களின் கிணற்றடியில், அவ்வளவு தூரத்தில். காற்றும் இல்லை. எப்படித்தான் வந்து விழுகிறதோ. குப்பையோடு அள்ளிப் போட்டேன்.

கனடாவிலிருக்கும் தங்கச்சி நேற்றிரவே படங்களை முகநூலில் போட்டுவிட்டாள். இன்று மத்தியானம் ஒரு போன் கோல். கொழும்பு ஆள், அன்ரன் என்று பெயர். பழைய கிற்றார் சேர்க்கிறவராம். கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வருகிறார், ஞாயிறு வந்து பார்க்கிறாராம்.

"அக்கா, மாத்தின பாகம் என்னென்ன?"

"எனக்குத் தெரியாது தம்பி. அண்ணை தான் கழட்டிப் பூட்டுறவர்."

"படத்திலை சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒண்டு அசல், மற்றதிலை கறுப்பு நாடா சுத்தியிருக்கு. அதை ஒருக்கா கழட்டிப் பாக்கவேணும்."

தாராளமாகப் பார்க்கட்டும்.

மாலை கிற்றாரைத் துடைக்கும்போது தந்தி ஒன்றில் துணி பட்டு முனகியது. அவ்வளவு தான், கரண்டில் கொழுவாத கிற்றாரில் என்ன சத்தம் வரும். ஆனால் வேலிக்கு அப்பால் மிளகாய்க்குக் கொத்திக்கொண்டிருந்த செல்லையா அண்ணை மண்வெட்டியை விட்டுவிட்டார். அப்படியே எங்கள் வீட்டைப் பார்த்தபடி நின்றார். நான் யன்னலைச் சாத்தினேன். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் இன்னும் நிற்கிறார். திரும்பவும் சாத்தினேன்.

ஒக்டோபர் 9, வியாழன்

செ. அண்ணையைப் பற்றி எழுதாமல் நித்திரை வராது போலிருக்கிறது.

சண்டையில் தீவு முழுக்க வெறுமையாகி நாங்கள் எல்லோரும் அக்கரைக்கு ஓடிய வருஷம். ஓடுமுன் எல்லாரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம், கொண்டுபோக முடியாததை மண்ணுக்குள் தாட்டோம். எங்கள் வீட்டில் அது தையல் மெஷின். முருங்கையடியில் அண்ணை கிடங்கு வெட்ட, அம்மா மெஷினைச் சாக்கால் சுற்ற, நான் மேலே பலகை பிடித்தேன். கிற்றார் பரணுக்குப் போனது.

அக்கரையில் சாப்பாட்டுக்கே வழியில்லை. மெஷின் இருந்தால் தைத்துப் பிழைக்கலாம் என்று அம்மா ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னா. அண்ணை "மாட்டைப் பாத்திட்டு வாறன்" என்று சொல்லித் தீவுக்குத் திரும்பிப் போனான். வரவில்லை. அவன் போன வள்ளம் கரை சேரவில்லை என்று ஆட்கள் சொன்னார்கள். நான் நம்பினேன். அம்மா நம்பவில்லை.

பல வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்தோம். கிற்றார் பரணில் வைத்தது வைத்தபடி. மேலாக வெட்டிப் பார்த்தால் கிடங்கில் பலகை இல்லை, மண் இளகிக் கிடந்தது. யாரோ கிண்டி எடுத்துவிட்டார்கள், இனி வெட்டி என்ன பலன் என்று அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டா. எங்கள் ஒழுங்கை ஆட்களில் கடைசி வரை ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர் ஒருவர் தான். செ. அண்ணை. அவரின் தாய் பாயோடு கிடந்ததால் அவர் போகவில்லை.

அம்மா அந்தக் கிடங்கு வாயிலிருந்தே ஒரு பிடி மண் அள்ளினா. அவர் அப்போதுதான் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஊர் பார்க்க அவர் மேல் வீசினா. "கள்ளா, நீ நாசமாப் போவாய்." அவர் சாரத்தில் பட்ட மண்ணைத் தட்டக்கூட இல்லை. திரும்பிப் போனார். அன்று தொடங்கி இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. செத்த வீட்டுக்கும் போக்குவரத்தில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

ஆஸ்பத்திரி. அம்மாவுக்குக் கால் வீக்கம். வரும்போது வேலணையடியில் இறக்கி, தண்ணீர் தெளித்து, அடுத்த பஸ் பிடித்து வந்தோம். பயந்துபோனேன். அறைக்காரர் கோல், எப்போது வருகிறீர்கள் என்று.

போகுமுன் வீட்டிலிருக்கும் உடைசல்களை எல்லாம் புதைக்கவேண்டும். முருங்கையடியில் குப்பைக் கிடங்கு வெட்ட மண்கும்பான் ஊர் ஆள் ஒருவருக்கு முற்றத்தில் நின்று போனில் சொன்னேன். புதன் வருவார்.

மாலை கடைக்குப் போனால், கடைக்கார அக்கா தேயிலையைத் தந்துவிட்டுக் குரலைத் தணித்தா. "செல்லையா அண்ணை உங்களுக்குச் சொல்லச் சொன்னவர். முருங்கையடியிலை வெட்ட வேண்டாமாம்."

"ஏனாம்?"

"அதைச் சொல்லேல்லை. ரெண்டு தரம் சொன்னவர்."

இத்தனை வருஷத்தில் முதல் வார்த்தை, அதுவும் கட்டளை. எங்கள் வளவில் எங்கே வெட்டுவது என்று இவரிடமா கேட்கவேண்டும். வழியெல்லாம் கொதித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து விளக்கு வைக்கும்போது தான் வேறொன்று மனதில் தட்டியது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

தேயிலையைக் கடையிலேயே விட்டு வந்திருக்கிறேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை விட்டுவிட்டுப் பெய்தது. அன்ரன் வந்தார். நல்ல பிள்ளை, செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்த தலையோடு. அம்மா உள்ளே படுத்திருந்தா. வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன் என்று சொல்லி வைத்தேன்.

கதிரையில் துவாய் விரித்துக் கிற்றாரை வைத்துப் பார்த்தார். ஜப்பானில் செய்ததாம், அறுபதுகளாக இருக்கவேண்டுமாம். தந்தி தாங்கும் சின்னக் கட்டை பனஞ்சிராயில் செய்தது. "ஆரோ பொறுமையா அராவியிருக்கினம் அக்கா." அது இடம்பெயருமுன்பே அண்ணை செய்தது, எனக்குத் தெரியும். ஒரு சுவிட்ச் இருந்த ஓட்டையைக் கறுப்புத் தகட்டால் மூடியிருந்தது. அது எனக்குத் தெரியாத வேலை. பிறகு குமிழ். நாடா பிசின் பிடித்துப் போயிருந்தது, நகத்தால் மெல்ல மெல்ல உரித்தார்.

உள்ளே பொபின். தையல் மெஷினில் கீழ்நூல் சுற்றுகிற பொபின்.

ஒரு பக்கம் சிவப்பு. நான் பூசிய சிவப்பு. தையல் வகுப்பில் மற்றப் பெட்டைகளின் பொபினோடு மாறாமல் இருக்க நகப்பூச்சு பூசி வைத்தேன்.

"அந்தத் தகட்டையும் ஒருக்கா சுரண்டும் தம்பி."

சுரண்டினார். கறுப்புப் பெயின்ற்றுக்குக் கீழே பளபளப்பு. ஊசிக்குக் கீழே, பொபின் மாற்றத் தள்ளித் திறக்கிற தகடு. மூலையில் என் கத்தரிக்கோல் விழுந்த வடு.

அன்ரன் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். அசல் குமிழ் தன்னிடம் இருக்காம், தகடும் தேடலாமாம், இதுகள் தேவையில்லையாம். பொபினையும் தகட்டையும் கழற்றி என் கையில் தந்தார். புதன் பெட்டியோடு வந்து கொண்டுபோகிறாராம். நான் ஓம் ஓம் என்றேன். படலை வரை போய் வழியனுப்பினேனா என்பதே நினைவில்லை.

ஒக்டோபர் 13, திங்கள்

பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

திரும்பத் திரும்ப ஒரே யோசனை. இந்தப் பொபின் மெஷினுக்குள் இருந்தது. மெஷின் கிடங்குக்குள் இருந்தது. நாங்கள் தாட்ட அன்று கிற்றார் பரணுக்குப் போய்விட்டது. மெஷினை வெளியே எடுத்து, அதிலிருந்து பொபினைக் கழற்றி, கிற்றாரை இறக்கி, அதில் பூட்டி, நாடா சுற்றி, திரும்பப் பையில் போட்டு மேலே வைத்திருக்கிறார்கள். கள்ளன் செய்கிற வேலையா இது? கிற்றாரைத் திருத்திவிட்டுப் போகிற கள்ளன் எங்கே இருக்கிறான்?

அண்ணை வந்திருக்கிறான். கரை சேர்ந்திருக்கிறான். இந்த வீட்டில் இருந்திருக்கிறான்.

பிறகு எங்கே போனான்?

அம்மா கஞ்சி கேட்டா. உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படியே குடித்து முடித்தா. எனக்கு அழுகை வந்தது, குசினி அடுப்படியில் போய் அழுதேன். யன்னலால் முருங்கையடி தெரிகிறது. பூ கிடக்கிறது. இன்றைக்கு வேலிப்பக்கம் போகவே பயமாயிருக்கிறது.

மண்கும்பான் ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

முற்றம் முழுக்க ஈரம். வானம் மூடி இருந்தது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் வேலிக்குப் போனேன். செ. அண்ணை கையில் பூவோடு நின்றார். வீசப் போன கை அப்படியே நின்றது. பொபினை நீட்டிக் காட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். வேலிக் கதியால் மரத்தைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

"இதைக் கழட்டேக்கை சிரிச்சவன் பிள்ளை. 'தங்கச்சி ஏசப்போறாள்' எண்டு."

நானும் குந்தினேன். ஈர மண். அவர் நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மெஷினைக் கிண்டி எடுத்திட்டு வள்ளத்துக்குக் காத்துக்கொண்டிருந்தவன். பகலிலை வெளிக்கிட ஏலாது. உள்ளுக்கை இருந்து உந்தக் கிற்றாரைக் கழட்டுறதும் பூட்டுறதும். சத்தம் வராமல் வாசிப்பான். நான் இதிலை இருந்து கேட்கிறனான். என்ரை மனிசி பிள்ளையள் அக்கரையிலை. எனக்கும் வேறை ஆர் இருந்தது?"

"பிறகு?"

"பாம்பு. குசினிக்குள்ளை விறகு எடுக்கேக்கை. ஆஸ்பத்திரியும் இல்லை, விஷம் இறக்கப் பரியாரியும் இல்லை. கட்டிப் பாத்தனான், கீறிப் பாத்தனான். விடியக் கண்ணை மூடிட்டான்."

அவரின் நாய் வந்து அவரை முகர்ந்துவிட்டுப் போனது.

"எரிச்சிருக்க வேணும் பிள்ளை. ஆள் இல்லாத ஊரிலை புகை கிளம்பினா ஆர் ஆர் வருவினமோ. என்ரை அம்மா பாயிலை. எனக்கெண்டா இன்னொரு கிடங்கு வெட்டவும் தெம்பில்லை. அவன் வெட்டினது இருந்தது. மெஷினையும் பக்கத்திலை வைச்சு மூடினனான். கிற்றாரை நான் தான் பரணிலை ஏத்தினது, அது நனைஞ்சா அவனுக்குப் பிடிக்காது."

நாங்கள் திரும்பி வந்த அன்று அதைச் சொல்லத்தான் அவர் படலையைத் திறந்திருக்கிறார். அம்மாவின் கையில் மண் இருந்தது.

"ஏன் அண்ணை பிறகும் சொல்லேல்லை?"

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது. அவன்ரை மேலை கிடந்த மண்ணை அள்ளியெல்லோ என்னைத் திட்டினவ. அதைத் தெரிஞ்சா அவ தாங்குவாவே?"

பின்னால் செருப்புச் சத்தம். அம்மா. எவ்வளவு நேரம் நின்றாவோ. சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. செ. அண்ணை எழும்பப் பார்த்தார், முடியவில்லை. அம்மா அவர் கையிலிருந்த பொபினைப் பார்க்கவில்லை. முருங்கையடிக்குப் போய், வீங்கிய காலை நீட்டி, மெல்ல மெல்ல மண்ணில் இருந்தா.

இருட்டும் வரை எழும்பவில்லை. குடை பிடித்தேன். தட்டிவிட்டா.

ஒக்டோபர் 15, புதன்

மழை. அன்ரன் பெட்டியோடு வந்தார். நான் விற்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்தபடி வந்து கிற்றாரைத் தானே எடுத்துக் கொடுத்தா. "கொண்டு போ தம்பி. வாசிக்கிற ஆளிட்டைக் குடு. நனைய விடாதை." அவர் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

செ. அண்ணை படலையால் வந்தார், கையில் பூ. அம்மா கதிரை போடச் சொன்னா. இருவரும் தேத்தண்ணி குடித்தார்கள்.

அறைக்காரர் கோல். நாளைக்கு முடிவு சொல்லவேண்டுமாம். நாளை மறுநாள் ஆஸ்பத்திரி. கிற்றாரும் போய்விட்டது, இனிச் சாட்டு இல்லைத்தானே என்று அம்மாவின் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கினேன். டொக்டர் சொன்னதை இன்னொரு தரம் முழுதாகச் சொன்னேன். விட்டால் என்ன நடக்கும் என்பதையும் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன்.

அம்மா பையிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் திரும்ப வைத்தா.

"நான் ஆஸ்பத்திரிக்கும் வரேல்லை, ரவுணுக்கும் வரேல்லை. வீட்டை தான் வருவான் எண்டு சொன்னனான் தானே பிள்ளை."