மாடிக்கு மரமே போதும்

அன்பு மகளுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் என் இருமலும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். எப்போதும் அம்மாதான் எனக்காக எழுதுவாள், இந்தத் தடவை சலூன்காரர் எழுதுகிறார், ஏனென்று படித்தால் தெரியும்.

மாடியில் உனக்கு எடுக்கும் அறையை மரத்தில்தான் கட்ட வேண்டும், சிமெண்டு சுடுகிற உலையால் வானமே புகைகிறது, மரமோ வளரும்போதே புகையைக் குடித்து உடம்புக்குள் பூட்டிக்கொள்கிறது என்று நீ எழுதியதை அம்மா மூன்று தடவை உரக்கப் படித்தாள், நாற்பது வருடம் சிமெண்டு குழைத்தவன் காதில் விழட்டும் என்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்தில் கட்டினால் கரையான்தான் முதல் பந்தியில் உட்காரும் என்று கத்தினேன். கரையானுக்காவது மருந்து இருக்கு, உங்க வாய்க்கு என்ன இருக்கு என்றாள்.

கான்கிரீட்தான் என்று வீம்பாக இன்ஜினியரைக் கூட்டி வந்தேன். நல்லவேளை, அம்மா கடைக்குப் போயிருந்தாள். அவர் சுவரோரம் தோண்டிப் பார்த்துவிட்டு, அஸ்திவாரம் முழங்கால் ஆழம்கூட இல்லையே, எந்த மகராசன் போட்டது, மேலே கான்கிரீட் ஏத்தினா வீடு உட்கார்ந்துடும், மரம்னா எடை கம்மி, தாங்கும் என்றார். அந்த மகராசன் செத்து ரொம்ப நாளாச்சு தம்பி என்று சொல்லிவிட்டேன். அஸ்திவாரம் போட்டது நீ பிறக்க இருந்த மாதம். அடுத்தவன் வீட்டுக்கெல்லாம் இடுப்பளவு தோண்டியவன், பிரசவத்துக்குள் கூரை ஏற வேண்டுமென்று சொந்த வீட்டில் இரண்டு நாள் தோண்டலை விழுங்கிவிட்டேன். மறுநாள் பிடித்த மழையும் நான் போட்டிருந்த கிழிந்த பனியனும்கூட ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு இது தெரியாது. எங்க வீட்டுக்காரர் போட்ட அஸ்திவாரம் என்று தெருவெல்லாம் பெருமை பேசுகிறவள், தெரிந்தால் அதே தெருவில் என்னை உட்கார வைத்துவிடுவாள்.

மரக்கடைக்குப் போய்த் தட்டிப் பார்த்துவிட்டேன். காட்டில் திருடியது வேண்டாம், தோட்டத்தில் நட்டு வளர்த்து வெட்டி நன்றாகக் காய்ந்ததுதான் வேண்டும், வெட்டிய இடத்தில் திரும்ப நட்டார்களா என்றும் கேட்டேன். கடைக்காரர் என்னை அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டார்.

நீ உடனே அம்மா பெயருக்கு ஒரு கடிதம் போடு. மரம் இல்லையென்றால் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்று காரமாக எழுது. நான் இரண்டு நாள் முறைத்துவிட்டு, பெண் ஆசைப்படுகிறாள், போகட்டும் என்று பெரிய மனது பண்ணிவிடுகிறேன். நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் பிடிவாதத்திடம் தோற்கப்போகும் அப்பா
(கைநாட்டு)